வாசப்படி தாண்டாத கிரிட்டு

காலியாக் கெடக்குத பத்திய மொறச்சுப் பாத்தா அது நெறஞ்சிருமா மருமவனே?

விடிஞ்சதுல இருந்து நானும் பாக்கேன். விருதுநகர் வத்தல் மண்டிக்கு பில் போடுத சாஃப்ட்வேர் எழுதுதேன்னு லேப்டாப்பத் தெறந்து வச்சிருக்க. பில் நம்பர் வந்திருச்சு, தேதி வந்திருச்சு, தொகை வந்திருச்சு. 'பார்ட்டி பேரு'ன்னு நீ தலைப்பு வச்ச பத்தி மட்டும் வெள்ளையா நிக்கு. டேட்டாபிராப்பர்ட்டிநேம்ல 'பார்ட்டி.நேம்'னு அடிச்ச. அழிச்ச. திரும்ப அதையே அடிச்ச. மொதத் தடவ அதுக்குக் காது கேக்கலன்னு நெனச்சிட்ட போல.

'மாமா, இதெல்லாம் உங்களுக்குப் புரியாது'ன்னு மட்டும் சொல்லிராத. பருத்திக் காட்டுக்குத் திரும்பி வாரதுக்கு முந்தி நானும் ரொம்ப வருசம் இந்த டாட் நெட்டக் கட்டிக்கிட்டு அழுதவன்தான். இப்பப் பருத்தி பரவாயில்ல. பூச்சி விழுந்தா கண்ணுக்காவது தெரியுது.

சரி, கேளு. உன் முன்னால நிக்கானே டேட்டாகிரிட்வியூ, அவன் 2005ல டாட் நெட் 2.0 வந்தப்பப் பெறந்தவன். இந்த ஊருக்குச் சென்சஸ் எடுக்க ஒருத்தன் வருவாம்லா, அவன் கணக்கா வாசல்லயே நிப்பான். குடும்பத் தலைவர் பேரு என்ன, வீடு ஓடா மெத்தையான்னு தலைவர் வாயால வாரத எழுதிக்கிடுவான். தலைவரோட மச்சினன் எந்த ஊர்ல பொண்ணு எடுத்தான்னு கேக்க வாசப்படி தாண்டி உள்ள வர மாட்டான். வான்னு கூப்பிட்டாலும் வர மாட்டான்.

வேலை எப்படி நடக்குன்னா, நீ ஒரு லிஸ்ட்டக் கொடுக்க. இதுக்குள்ள இருக்குறது என்ன வகை ஆப்ஜெக்ட்டுன்னு அவன் கேக்கான். 'பில்'லுன்னு பதில் வருது. பில் கிளாஸ்ல பப்ளிக்கா இருக்க பிராப்பர்ட்டிகளுக்கு ஆளுக்கொரு பிராப்பர்ட்டிடிஸ்கிரிப்டர் வாங்கி வச்சுக்கிடுதான். பெறகு நீ பத்தியில எழுதின பேர அந்தப் பட்டியல்ல தேடுதான். 'பார்ட்டி' இருக்கு. 'பார்ட்டி.நேம்'னு ஒரு பேரு இல்ல. புள்ளிக்கு அவன்கிட்ட அர்த்தமே கெடையாது. முழுசும் ஒரே பேருன்னுதான் தேடுதான். கெடைக்கலையா, சத்தம் போட மாட்டான். எர்ரர் கெடையாது, எச்சரிக்க கெடையாது. பத்திய வெள்ளையா விட்டுட்டு அடுத்த சோலியப் பாக்கப் போயிருவான். நீ மூணு காப்பி குடிச்சது அதனாலதான்.

இதுல உன் வயித்தெரிச்சலக் கூட்ட இன்னொண்ணு சொல்லுதேன். அதே ஃபார்ம்ல ஒரு டெக்ஸ்ட்பாக்ஸ் வச்சு, அதுக்கு 'பார்ட்டி.நேம்'னு பைண்டிங் போடு. சமத்தா வரும்! அதுக்குப் புள்ளி புரியும். ஒரே வீடு, ஒரே மைக்ரோசாஃப்ட்டு, ஒரே விண்டோஸ் ஃபார்ம்ஸ். சின்னவனுக்கு வாரது பெரியவனுக்கு வரல. இவனுக்கு முந்தி, 2002ல வந்த டேட்டாகிரிட்டுன்னு ஒரு மூத்தவன் இருந்தான். வரிசைக்குப் பக்கத்துல பிளஸ் குறி போட்டு, தொட்டா உள்ள இருக்க அடுத்த டேபிளத் தெறந்து காட்டுவான். தம்பி வந்தப்ப அந்தப் பழக்கத்த ஒழிச்சிட்டாங்க. ரெண்டு டேபிளக் காட்டணும்னா ரெண்டு கிரிட்டு வச்சுக்கோன்னு சொல்லிட்டாங்க. 2018 கடைசியில விண்டோஸ் ஃபார்ம்ஸோட மூலக் கோடையே ஊருக்குத் தெறந்து விட்டாங்களே, போய்ப் படிச்சுப் பாரு. படிப்ப, எனக்குத் தெரியும். வேலையத் தள்ளிப்போட அது நல்ல சாக்கு.

கிரிட்டு மேல ரொம்பக் கோவப்படாத. கட்டங்கட்டமாப் போட்ட எதுக்கும் இந்தக் குணம் உண்டு. 1970ல ஐபிஎம்முல இருந்த எட்கர் காட் ரிலேஷனல் மாடலப் பத்தி எழுதினாரே, அந்தக் கட்டுரையிலயே இத முடிச்சிட்டாரு. ஒரு கட்டத்துக்குள்ள இன்னொரு டேபிளப் பொதிஞ்சு வைக்காத, பிரிச்சுத் தனித்தனியா வையுன்னாரு. நார்மலைசேஷன்னு காலேஜ்ல நீ மனப்பாடம் பண்ணி மார்க்கு வாங்கினது அதத்தான். பரீட்ச முடிஞ்சதும் மறந்திருப்ப, அது வேற.

ஒனக்கு வழி வேணும், அதான? மொதல்ல, ஒன்ன மாதிரி கெட்டிக்காரனுக்கு ஏத்த வழியாச் சொல்லுதேன்.

பார்ட்டி கிளாஸ்ல டூஸ்ட்ரிங்க ஓவர்ரைடு பண்ணி பேரத் திருப்பி அனுப்பு. பத்திக்கு வெறும் 'பார்ட்டி'ன்னு பேரக் கொடு. பாத்தியா, 'விருதுநகர்மண்டி.பார்ட்டி'ன்னு கிளாஸ் பேரு வந்த எடத்துல அசல் பேரு வந்திருச்சு! எந்திரிச்சு ஒரு சுத்து ஆடிக்கோ. சாயங்காலம் மண்டிக் கணக்குப்புள்ள அந்தக் கட்டத்துல எழுத்துப்பிழை இருக்குன்னு திருத்தப் போவாரு. எழுத்து கையில இருக்கு, கிரிட்டுக்கு வேண்டியது ஒரு முழுப் பார்ட்டி. எழுத்துல இருந்து ஆள உண்டாக்க அதுக்குத் தெரியாது. ஒடனே ஒரு பெட்டி குதிக்கும். இன்ன தப்பு நடந்திருக்கு, இந்தப் பெட்டி வேண்டாம்னா டேட்டாஎர்ரர் ஈவென்ட்டக் கவனிங்கன்னு இங்கிலீசுல நீளமா எழுதியிருக்கும். ஒனக்குச் சொல்ல வேண்டிய புத்திமதிய அது கணக்குப்புள்ளைக்குச் சொல்லும். அவரும் மரியாதையா ஓகேவ அமுக்கிட்டு முதலாளிக்குப் போன் போடுவாரு. அடுத்த போன் ஒனக்குத்தான்.

இல்லன்னா செல்ஃபார்மேட்டிங் ஈவென்ட்டப் புடி. ஒவ்வொரு கட்டமும் திரையில வரையப்படும்போது அது கூப்புடும். அங்க உக்காந்து புள்ளியப் பிரிச்சு, ரிஃப்ளெக்‌ஷன் வச்சு உள்ள போயி நேமத் தோண்டி எடுத்து மாட்டு. நல்லா இருக்கும். ஸ்க்ரோல் பண்ணும்போது கிரிட்டு மூச்சு வாங்கினா, மண்டியில புது கம்ப்யூட்டர் வாங்கச் சொல்லிரலாம். காட்ட மட்டும்தான் இது உதவும், திருத்துதது கெடையாது. ஆனா ஒன் ஆன்சைட் சினேகிதங்கிட்ட 'ரிஃப்ளெக்‌ஷன் போட்டேன்'னு சொல்லிக்கிடலாம்லா, அது பெரிய விசயமில்லையா?

இன்னும் கெத்தா வேணுமா? ஐடைப்டுலிஸ்ட் இருக்கு. கிரிட்டு கேள்வி கேக்குதது ஒன் பில்லுகிட்ட இல்ல, லிஸ்ட்டுகிட்ட. லிஸ்ட்டு ஐடைப்டுலிஸ்ட்டு கட்டியிருந்தா, 'எங்கிட்ட இருக்க பத்தி இதெல்லாம்'னு அதுவே தன் இஷ்டத்துக்குப் பட்டியல் கொடுக்கலாம். அதுல பார்ட்டியோட நேமையும் ஒரு பத்தின்னு சொருகிரலாம். என்ன, பிராப்பர்ட்டிடிஸ்கிரிப்டர்ல இருந்து நீயே ஒரு கிளாஸ் எழுதணும். அதுல கட்டாயம் எழுதியே ஆக வேண்டிய உறுப்பு எட்டு. நெசமாவே பத்தியெல்லாம் ஓடும்போதுதான் தெரியும்னா, பயனாளி தன் இஷ்டத்துக்குப் பத்தியச் சேப்பாருன்னா, இதுதான் சரியான வழி. நான் கேலி பண்ணல. ஐகஸ்டம்டைப்டிஸ்கிரிப்டர பில் மேல கட்டிட்டு 'வரலையே வரலையே'ன்னு ஒக்காந்த பயலுவள நான் நெறையப் பாத்திருக்கேன். லிஸ்ட்டுக்குள்ள இருக்க ஒத்த ஒத்த ஆப்ஜெக்ட்டையும் அவன் கேக்கதில்ல மருமவனே. மொத ஆளக் கேப்பான், அம்புட்டுத்தான். லிஸ்ட்டு காலியா இருந்தா பத்தியே வராது.

ஆனா ஒனக்கு வேண்டியது என்ன? அஞ்சு பத்தி. இன்னைக்கும் அஞ்சு, அடுத்த தீபாவளிக்கும் அஞ்சு. அதுக்கு எதுக்கு இந்தக் கோட்டை?

பில்வரின்னு ஒரு சின்ன கிளாஸ் எழுது. உள்ள ஒரு பில்ல வச்சுக்கோ. வெளிய பில்நம்பர், தேதி, தொகை, பார்ட்டிநேம், பார்ட்டிஊர்னு தட்டையா பிராப்பர்ட்டி. பார்ட்டிநேமுக்குள்ள போயி பில்லோட பார்ட்டியோட நேமத் திருப்பி அனுப்பு. பார்ட்டி இல்லாத ரொக்க பில்லும் இருக்கும், அதனால நடுவுல கேள்விக்குறியும் புள்ளியும் சேத்துப் போடு. 2015ல சி ஷார்ப் 6ல கொடுத்தாங்களே, அதுதான். பப்ளிக் ஃபீல்டா எழுதிராத. பிராப்பர்ட்டியா எழுது, ஃபீல்டு அவன் கண்ணுக்குத் தெரியாது. இருவது வரி வருமா? அத எழுத ஒனக்குக் கை கூசுது. 'ஒரே விசயத்த ரெண்டு எடத்துல எழுதுதது அசிங்கம் மாமா'ன்னு சொல்லுத. ஒரே பேண்ட்ட நாலு நாள் போடும்போது வராத அசிங்கம்.

அதுல அசிங்கம் இல்லங்கதுக்குக் காரணம் ஒண்ணு இருக்கு, அதச் சொல்லத்தான் இம்புட்டு நேரம் சுத்தினேன். 'பார்ட்டி.நேம்'னு நீ ஆசப்பட்டது கெடைச்சிருச்சுன்னே வையி. கணக்குப்புள்ள நாப்பதாம் நம்பர் பில்லுல போயி 'முருகன் ஸ்டோர்ஸ்'ங்கத அழிச்சிட்டு 'செல்வி ஸ்டோர்ஸ்'னு அடிக்காரு. அவரு மனசுல இருக்குறது என்ன? இந்த பில்லு முருகனுக்குப் போட்டது தப்பு, செல்விக்குப் போடணும். ஒன் புள்ளி என்ன செய்யும்? முருகன் ஸ்டோர்ஸோட பேரையே செல்வி ஸ்டோர்ஸ்னு மாத்திரும். முருகன் பேர்ல இருந்த அத்தன பில்லும், போன வருசத்துப் பாக்கி சகிதம், செல்வி பேருக்குப் போயிரும். செல்வி ஸ்டோர்ஸ்காரம்மா ஏற்கெனவே ஒண்ணு இருக்காவ, இப்ப ரெண்டா ஆயிட்டாவ. மண்டியில வெட்டுக்குத்து நடந்தா பஞ்சாயத்துக்கு என்னையக் கூப்புடாத.

கிரிட்டுக்குப் புள்ளி தெரியாததுனால ஒனக்கு ஒரு நல்லது நடந்திருக்கு. பேரத் திருத்துதமா, ஆள மாத்துதமான்னு நீ முடிவெடுத்தே ஆகணும். பில்வரியில பார்ட்டிநேமுக்கு செட்டர் எழுதப் போற எடத்துல கை நிக்கும் பாரு, அங்கதான் யோசிக்கணும். ஆள மாத்தணும்னா செட்டரே வேண்டாம். பார்ட்டிஐடின்னு ஒரு பிராப்பர்ட்டி வையி, பத்திய காம்போபாக்ஸ் பத்தியா மாத்து. டிஸ்பிளேமெம்பர்ல பேரு, வேல்யூமெம்பர்ல ஐடி. அதுலயும் ஒண்ணு கவனி. கடைய மூடிட்டுப் போன பழைய பார்ட்டிய அந்தக் கீழிறங்கு பட்டியல்ல இருந்து தூக்கிட்டன்னா, அவருக்குப் போட்ட பழைய பில்லத் தெறந்ததும் 'மதிப்பு செல்லாது'ன்னு முன்ன சொன்ன பெட்டி திரும்பக் குதிக்கும். வியாபாரம் நின்னாலும் பேரு பட்டியல்ல இருக்கட்டும்.

1987ல பாஸ்டன்ல நார்த்ஈஸ்டர்ன் யுனிவர்சிட்டியில டெமீட்டர் விதின்னு ஒண்ணு சொன்னாங்க. ஒரு ஆப்ஜெக்ட்டு தனக்கு அடுத்த ஆளுகிட்ட மட்டும் பேசணும், அந்த ஆளு வழியா அவனோட ஆளுகிட்டப் போயி நோண்டக் கூடாதுன்னு. கிரிட்டு அந்த விதியப் படிச்சிட்டு வந்தவன் கெடையாது. ஆனா இன்டர்வியூவுல அந்த விதியச் சொல்லி வேல வாங்கினவன் நீதான, நெனவிருக்கா?

இனிமே பில்வரி லிஸ்ட்டக் கட்டப் போற. லிஸ்ட்டுன்னு சொன்னதும் சாதா லிஸ்ட்டத்தான எடுப்ப? எடு. கட்டின பெறகு லிஸ்ட்டுல ஒரு பில்லச் சேரு. கிரிட்டுல வராது. அவன்கிட்ட யாரும் சொல்லலையே. லிஸ்ட்டுல இருந்து ஒண்ண எடுத்துரு. அவன் இன்னும் பழைய கணக்குலயே இருந்து, 'இந்த எண்ணுல ஒண்ணுமில்ல'ன்னு எக்ஸெப்ஷன் வீசுவான். பைண்டிங்லிஸ்ட்டப் போடு, சேந்தாலும் போனாலும் அது சொல்லிக்கிடும். பேருகள மட்டும் காட்டுவோம்னு ஸ்ட்ரிங் லிஸ்ட்டக் கட்டிராத. ஸ்ட்ரிங்குக்கு வெளிய தெரியுத பிராப்பர்ட்டி லெங்த்து ஒண்ணுதான். பார்ட்டிகளோட பேருக்குப் பதிலா அவங்க பேருல எத்தன எழுத்துன்னு வரிசையா எண்ணிக் காட்டுவான். நியூமராலஜி பாக்கவங்களுக்கு வேணும்னா அத விக்கலாம்.

பைண்டிங்லிஸ்ட்டு போட்டாச்சுன்னு கால நீட்டிப் படுத்திராத. கீழ புது பில்லுக்கு வெத்து வரி வரலையேன்னு தேடுவ. ஒன் பில்வரி கன்ஸ்ட்ரக்டர் பில்லக் கேக்குது. வெறுங்கையோட அதப் பெறக்க வைக்க பைண்டிங்லிஸ்ட்டுக்கு வழியில்ல. அதனால புதுசு சேக்க அனுமதி இல்லன்னு சொல்லிரும். ஆடிங்நியூ ஈவென்ட்டுல நீயே ஒரு பில்லு செஞ்சு கொடு, வரி வந்திரும்.

பெறகு, முருகன் ஸ்டோர்ஸோட பேரையே நெசமா மாத்துதாங்கன்னு வையி, பார்ட்டி ஃபார்ம்ல, மொறப்படி. கிரிட்டுல பழைய பேரே நிக்கும். மவுஸால அந்தக் கட்டத்தத் தட்டினா அப்பத்தான் புதுப் பேரு வரும். ஏன்? பார்ட்டி ஐநோட்டிஃபைபிராப்பர்ட்டிசேஞ்ச்டு கட்டியிருக்கு, 'எம் பேரு மாறிருச்சு'ன்னு கத்துது. பைண்டிங்லிஸ்ட்டு தன்கிட்ட நேரா இருக்க பில்வரிகளோட சத்தத்தத்தான் கேக்கும். பில்வரிக்குள்ள பில்லு, பில்லுக்குள்ள பார்ட்டி கத்துதது அதுக்கு எட்டாது. நடுவுல இருக்க பில்வரிதான் பார்ட்டியோட ஈவென்ட்டுக்குக் காது கொடுத்து, 'என்னோட பார்ட்டிநேம் மாறிருச்சு'ன்னு தன் பேர்ல திருப்பிச் சொல்லணும். நீ சலிச்சுக்கிட்ட அந்தச் சின்ன கிளாஸ் சும்மா இல்ல, பாத்தியா? திரைய மூடும்போது அந்தக் காதக் கழட்டிரு. பார்ட்டி சாயங்காலம் வரைக்கும் மெமரியில இருக்கும். கழட்டலன்னா மூடின திரையோட பில்வரி பூராத்தையும் அது புடிச்சு வச்சுக்கிடும். மத்தியானத்துக்கு மேல சாஃப்ட்வேர் ஊர்ந்து போகுதுன்னு சொல்லுவாங்க. நீ ஆன்டிவைரஸ் மேல பழியப் போடுவ.

தலைப்பத் தட்டினா வரிசை மாறலையா? மாறாது. பைண்டிங்லிஸ்ட்டு அடுக்கிக் கொடுக்காது, அதுக்கு ஒரு வாரிசு கிளாஸ் எழுதி சார்ட்டிங்கச் சேக்கணும். பழைய டேட்டாடேபிளுக்குப் பின்னால டேட்டாவியூ நிக்கதுனால அது தானே அடுக்கும். 'டேட்டாடேபிள் எல்லாம் கெழவங்க சமாச்சாரம்'னு போன பொங்கலுக்குச் சொன்னியே.

என்டிட்டி ஃபிரேம்வொர்க்குல லேசி லோடிங்க விட்டுட்டு கிரிட்டுல கட்டுதவன் கதை தனி. பார்ட்டிநேமக் கேக்கக் கேக்க டேட்டாபேஸுக்கு ஒவ்வொரு வரிக்கும் ஒரு நடை. பத்தி அகலத்த எல்லாக் கட்டத்தையும் பாத்துச் சரிபண்ணுன்னு சொல்லி வச்சிருந்தா, கண்ணுல படாத வரிக்கும் சேத்து நடை. இன்குளூடு போட்டுப் பார்ட்டியையும் ஒண்ணாவே கூட்டிட்டு வந்திரு.

இன்னும் ஒண்ணு மிச்சம். பில்லுக்குள்ள சரக்கு வரிகள் இருக்கே: குண்டு வத்தல் இத்தன மூட, மல்லி இத்தன மூட. அது லிஸ்ட்டு. பத்திய நீ தானா உண்டாக்கச் சொன்னா, லிஸ்ட்டா இருக்க பிராப்பர்ட்டிக்குப் பத்தியே போட மாட்டான். அதுக்குக் கீழ ரெண்டாவது கிரிட்டு வையி, ரெண்டு கிரிட்டுக்கும் ஆளுக்கொரு பைண்டிங்சோர்ஸ் மாட்டு. ரெண்டாவது பைண்டிங்சோர்ஸுக்கு டேட்டாசோர்ஸா மொத பைண்டிங்சோர்ஸக் கொடு, டேட்டாமெம்பர்ல 'ஐட்டம்ஸ்'னு எழுது. பில்வரியிலயும் ஐட்டம்ஸ வெளிய தெரியுத பிராப்பர்ட்டியா வச்சிருக்கணும், மறந்திராத. மேல எந்த பில்லுல நிக்கியோ அதோட சரக்கு கீழ தானா மாறும். ஒரு வரி கோடு எழுத வேண்டியதில்ல. இம்புட்டு நேரத்துல கேலி பண்ண ஒண்ணுமில்லாத எடம் இதுதான், கொஞ்சம் வருத்தமாத்தான் இருக்கு.

டபிள்யூபிஎஃப்க்குப் போயிரலாம்னு ஒரு கண்ணு இருக்கும் ஒனக்கு. அங்க 'பார்ட்டி.நேம்'னு பாத் கொடுத்தா வரும், பொய் சொல்லல. நேம தப்பா நேமான்னு அடிச்சாலும் சண்டை போட மாட்டான். அவுட்புட் ஜன்னல்ல ஒரு வரி எழுதிப்போட்டுட்டு, கட்டத்தக் காலியா வச்சிருவான். ஒனக்குப் பழகின காலிதான். முருகன் செல்வியா மாறுத வில்லங்கமும் அங்க அப்படியே உண்டு, இன்னும் சுளுவா நடக்கும்.

காசு கொடுத்து வாங்குத கிரிட்டும் இருக்கு. அதுல சிலது புள்ளியும் படிக்கும், பிளஸ் குறி போட்டு உள்ளடுக்கையும் விரிக்கும். லைசென்ஸு எழுதுத ஆளுக்கு இம்புட்டுன்னு வரும். வத்தல் மண்டி முதலாளிகிட்ட, 'அண்ணாச்சி, இருவது வரி எழுத எனக்குக் கை கூசுது, அதனால ஒரு கிரிட்டு வாங்கிக் கொடுங்க'ன்னு நீயே கேளு. என்னையத் துணைக்குக் கூப்புடாத, நான் காட்டுக்குத் தண்ணி பாய்ச்சப் போகணும்.